கயிறு பிடித்த கைக்குப் பங்கு

பலகை வந்து இறங்கியது பங்குனி மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. பாகூரிலிருந்து ஒற்றைமாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். நரிமேட்டுக்குப்பத்தில் பிள்ளைத்தாய்ச்சியைக்கூட யாரும் அவ்வளவு பதமாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதில்லை. சவுக்குத்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் புதிதாக இரண்டு கட்டை நட்டிருந்தது. அதில் வைத்து ஆணி அடித்துவிட்டு, வண்டிக்காரன் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

மீன் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். மேலே பெரிய எழுத்தில் தமிழிலும், அதற்குக் கீழே பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. கெங்கம்மாளுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துக்குக் கீழே படம் இருந்தது. நீலக் கடல். கரையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட குடைகள், வரிசையாக. பின்னால் மஞ்சள் சுவரும் பச்சை ஜன்னலுமாக மூன்று மாடி வீடு. வலது ஓரத்தில் மணிக்கூண்டு வைத்த மாதாகோயில்.

அவள் பலகைக்குக் கிட்டப் போனாள். கூடையை மணலில் இறக்கிவிட்டாள்.

"இன்னாடி சீமைக்காரி, பேயறஞ்சவ மாதிரி நிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மாள்.

"இது எங்க ஊருடி."

"எந்த ஊரு?"

"போர்மரி."

எல்லம்மாள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வந்துட்டியா! இருவத்தஞ்சு வருசமா நீ சொல்லிச் சொல்லி, அந்த ஊரே தாங்காம பொறப்பட்டு வந்துடுச்சு போல."

கெங்கம்மாள் சிரிக்கவில்லை. படத்தின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முன்பு இருந்த படக்கார்டில் அந்த மூலையில் இரண்டு படகும், விரித்துக் காயப்போட்ட வலையும், வலையின் ஓரத்தில் உட்கார்ந்து பொத்தல் தைக்கும் ஒரு பெண்ணும் உண்டு. பலகையில் அந்த இடத்தில் படம் எழுதுகிறவன் இன்னும் ஒரு குடையைப் போட்டிருந்தான்.

அந்தக் கார்டை அவளேதான் தூக்கிக் கொடுத்தாள்.

கெங்கம்மாளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பதினேழு வயதில், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரத் தொக்தேர் வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். தொக்தேர் என்றால் டாக்டர். அவள் ஆத்தா அந்த வீட்டுக்கு மீன் போட்டுக்கொண்டிருந்தவள். தொக்தேர் விடுப்பில் ஊருக்குப் போனபோது, குழந்தைகள் இவளை விடாததால், இவளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியதரைக் கடலோரம், போர்மரி என்று ஒரு துறைமுகப்பட்டணம். மூன்று கோடைகாலம் அங்கே இருந்தாள். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைத்திலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வைத்திலிங்கம் நல்ல மனிதன். பெரியவலைக்குச் சொந்தக்காரன், குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை, அதிர்ந்து பேசத் தெரியாதவன். ஆனால் அவள் போர்மரி என்று ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்துக்குள் தூங்கிவிடுவான். குப்பம் அவளுக்குச் சீமைக்காரி என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. அங்கே தண்ணீர் காசு போட்டால் தெரிகிற மாதிரி இருக்கும் என்று சொன்னால், எத்தனை காசு போட்டாய் என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். பெட்டியின் அடியில், கூறைப்புடவைக்குக் கீழே, தொக்தேர் வீட்டம்மா கொடுத்த படக்கார்டு மட்டும் இருந்தது.

போன வருஷம் சித்திரையில்தான் தணிகைவேல் வந்தார்.

அவருக்குப் பாகூர் ஏரிக்குக் கீழே நஞ்சை. கரும்பும் உண்டு. குப்பத்துக்கு மேற்கே இருந்த சவுக்குத்தோப்பும் அவருடையதுதான். வெள்ளைக்காரன் இருந்தவரை அவன் கொடியை வாசலில் ஏற்றினார். வெள்ளைக்காரன் போன அன்று காலை பதினோரு மணிக்குள் வேறு கொடியை ஏற்றினார். இரண்டிலும் மூன்று நிறம் இருந்ததால் அவருக்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது. மூட்டுவலிக்குக் கடல் தண்ணீரில் நிற்கச் சொன்னார்களாம். தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டு, சாய்வு நாற்காலியும் சமையல்காரனும் சகிதமாக இரண்டு மாதத்துக்கு வந்து தங்கினார்.

வந்த மறுநாள் காலை, பெரியவலை இழுப்பதைப் பார்க்க வந்தார். பெரியவலை என்பது கரையில் நின்று இழுக்கிற வலை. படகு வலையைக் கடலுக்குள் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு முனையும் கரையில். முனைக்குப் பன்னிரண்டு பேராக நின்று, இடுப்பைக் கயிற்றுக்குக் கொடுத்து, மணலில் குதிகால் புதையப் பின்னால் நடக்க வேண்டும். மூன்று மணி நேரம் இழுத்தால்தான் மீன் அடைந்த மடி கரையேறும். அதில் ஒரு வழக்கம் உண்டு. மடி கரையேறும்வரை கயிறு பிடித்த எவனுக்கும் பங்கு. வழிப்போக்கனாக இருக்கட்டும், பண்டாரமாக இருக்கட்டும், ஆளைப் பிடித்துப்போக வந்த போலீஸ்காரனாக இருக்கட்டும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றானா, அவனுக்கு ஒரு கூறு. பாதியில் விட்டவனுக்குச் செதில்கூடக் கிடையாது. பெண்கள் கயிற்றைத் தொடுவதில்லை. அவர்களுக்குக் கூடை.

தணிகைவேல் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் கயிற்றைத் தொட்டார். "அடேங்கப்பா, என்னா இழுப்பு!" என்று சிரித்தார். நாற்காலிக்குப் போய்விட்டார்.

மீன் கூறு போட்டுப் பிரிப்பவன் நாகமுத்து. குப்பத்தில் அவன் வைத்த கூற்றை எவனும் எடை பார்க்கமாட்டான், அவ்வளவு சரியான கை. அன்றைக்கு அவன், பெரிய மனுஷர் தொட்டுவிட்டாரே என்று மரியாதைக்கு ஒரு கூறு வைத்தான். அது ஒரு நாள் தப்பு. போகட்டும்.

அன்று சாயங்காலம் அந்தக் கூற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் தோப்புக்குப் போனாள். "நீதான் சீமைக்குப் போனவளாமே? எந்த ஊரு?" என்று கேட்டார் தணிகைவேல்.

அவள் சொன்னாள். அவர் தூங்கவில்லை. சிரிக்கவில்லை. அப்புறம் என்று கேட்டார். குடைக்குக் கீழே என்ன போட்டு உட்காருவார்கள், குளிக்கிறவர்கள் துணி மாற்ற என்ன செய்வார்கள், அறைக்குச் சாப்பாடு வருமா, எத்தனை நாள் தங்குவார்கள் என்றெல்லாம் கேட்டார். ஒரு மனிதன் தன்னிடம் அப்புறம் என்று கேட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு.

மறுநாள் தணிகைவேல் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. நாகமுத்து கூறு போட்டுக்கொண்டே வந்து, கை நின்று, கெங்கம்மாளைப் பார்த்தான். வலைக்காரன் பெண்டாட்டி சொன்னால் சரி.

"வை" என்றாள் கெங்கம்மாள்.

இரண்டு மாதம் வைத்தான். இரண்டு மாதமும் கூடையை எடுத்துக்கொண்டு அவளே போனாள். வாளை, பாரை, நல்ல நல்ல சங்கரா. ஒரு நாள் கார்டையும் எடுத்துக்கொண்டு போனாள். "நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். தரவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று. இதைச் சொல்ல நமக்கே வாய் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பலகை வந்த இரண்டாம் நாள் கட்டைகள் வந்தன. தோப்பின் வடக்கு மூலையிலிருந்து தண்ணீர் தொடும் இடம்வரை எட்டு, தெற்கு மூலையிலிருந்து எட்டு. முள்கம்பி சுற்றினார்கள். நடுவில் அடைபட்டது இருநூறு பாகம் மணல், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். வடக்கே பாறைக்கல் கிடக்கும், வலை கிழியும். தெற்கே முகத்துவாரம், நீரோட்டம் மடியைப் புரட்டிவிடும். பெரியவலை இழுக்க அந்த இருநூறு பாகத்தை விட்டால் வேறு மணல் கிடையாது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதம்தான் கடல் இந்த வலைக்கு வழிவிடும். இருபத்து நாலு குடும்பம் அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஒன்பது மாதத்தைத் தள்ளியது.

வைத்திலிங்கம் தோப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். வந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கெங்கம்மாள் கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து, சுட்ட கருவாட்டைத் தட்டில் வைத்தாள். அவன் தொடவில்லை.

"இன்னாயா சொன்னாரு?"

"விடுதி கட்டப்போறாராம். பத்து ரூம்பு. மெட்ராஸ்லேருந்து, டவுன்லேருந்து, பெரிய பெரிய ஆளுங்க கோடைக்கு வந்து குளிப்பாங்களாம். மீன் கவிச்சி ஆகாதாம் அவங்களுக்கு. ஆடிக்கு மேல வேணும்னா இழுத்துக்கோ, நான் வேணாங்கலைன்றாரு."

"ஆடிக்கு மேல இன்னா மயித்தயா இழுக்கறது? கரை இவங்கப்பன் வூட்டுதா?"

"அவரு கரைன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்துருக்காரு. நாப்பது வருசமா நாம அவங்க குடும்பத்துக்குப் பங்கு குடுத்துட்டுத்தான் இழுக்கிறோமாம். போன வருசம்கூட ரெண்டு மாசம் நாள் தவறாம குடுத்தோமாம். சமையக்காரன் சாட்சி." அவன் கருவாட்டை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தான். "குடுத்தோமே கெங்கா. அத்த எப்பிடி இல்லன்றது?"

தின்றது போதாதென்று, தின்ற மீனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறான் பார் பாவி என்று அவள் நெஞ்சு கொதித்தது. அந்தப் பாவிக்குப் பரிமாறினது யார் என்று அதே நெஞ்சு திருப்பிக் கேட்டது. இரண்டு கோபமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் அவளால் அன்றைக்குக் கூழ் குடிக்க முடியவில்லை.

"ஏன் குடுத்தேன்னு கேக்க மாட்டியா?" என்றாள் கடைசியில்.

வைத்திலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ குடுக்கச் சொன்ன. நாகமுத்து வெச்சான். நானும் பாத்துக்கினுதான இருந்தேன்" என்றான். எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டான். திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

பத்து நாள் வலை மடித்தபடி கிடந்தது. சோழகக் காற்று தெற்கேயிருந்து பதமாக வீசியது. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. காரப்பொடி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் மினுங்கிக்கொண்டு போவதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். எல்லம்மாள் வீட்டில் அரிசி தீர்ந்து, அவள் கரிக்கலாம்பாக்கம் பக்கம் கரும்புக்குக் களை எடுக்கப் போனாள். கடல்காரி கரும்புக்கொல்லையில் என்ன செய்வாள்? கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்துக்கொண்டு வந்து, கெங்கம்மாளின் வாசலில் நின்று காட்டினாள்.

"பாருடி உங்க ஊரு பண்ற வேலைய" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

பதினோராம் நாள் விசாரணைக்கு ஜீப் வந்தது. அப்போது சட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. புதுச்சேரியைக் கைமாற்ற டெல்லியில் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, பாரீஸில் இன்னும் ஒப்பவில்லை என்றார்கள். பத்திரம் பிரெஞ்சில் இருந்தது, அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்தவர். பத்திரத்தைப் படிக்க ஒரு குமாஸ்தா, கைப்பெட்டி தூக்க ஒரு பியூன். தணிகைவேல் கொட்டகையில் நாற்காலி போட்டு இளநீர் சீவி வைத்திருந்தார். அதிகாரி இளநீரைத் தொடவில்லை. வெயிலில் வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அதைப் பார்த்துக் குப்பம் கொஞ்சம் மூச்சு விட்டது.

"வைத்திலிங்கம் யாரு?"

"நான்தாங்க சாமி."

"போன வருஷம் இவருக்கு தினம் மீன் பங்கு கொடுத்தீங்களா, இல்லையா?"

வைத்திலிங்கம் கடலைப் பார்த்தான். கடலைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வராது. "குடுத்தோம் சாமி."

"வலை இழுத்தாரா அவர்?"

"இல்லீங்க. ஒரு நாள் தொட்டாரு."

"இழுக்காதவருக்கு எதுக்குக் கொடுத்தீங்க?"

வைத்திலிங்கம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நெற்றியில் வேர்வை வழிந்து புருவத்தில் நின்றது. "மரியாதைக்குங்க" என்றான்.

"என்ன மரியாதை? நிலத்துக்காரர்ங்கற மரியாதையா?"

"பாருங்க சார்" என்றார் தணிகைவேல். குரலில் தேன் ஒழுகியது. "அவன் வாயாலயே வருது. நான் ஒண்ணும் சொல்லல. பாவம், ஏழைங்க. காலங்காலமா எங்க தயவுல பொழைக்கிறவங்க. துரத்தணும்னு எனக்கு ஆசையா?"

குமாஸ்தா பேனாவைத் திறந்தான்.

கெங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "எழுதாதீங்க சாமி. குடுத்தவ நான். என்னைக் கேளுங்க."

"கெங்கா" என்றான் வைத்திலிங்கம், மெதுவாக.

"நீ சும்மா இருயா. மரியாதைன்னு சொன்னியே, எனக்காகத்தான சொன்ன? எனக்குத் தெரியும்." அதிகாரியிடம் திரும்பினாள். "நாப்பது வருசம்னு எழுதியிருக்காரா? நாகமுத்துவக் கேளுங்க. அதோ நிக்கிறான். கூறு போடறவன் அவந்தான்."

நாகமுத்து தலையைச் சொறிந்தான். "போன சித்திரையிலதாங்க மொதமொத வெச்சேன். எங்கப்பாரு கூறு போட்ட காலத்துல தோப்புக்கார வூட்டு ஆளுங்க மூஞ்சியக்கூட நாங்க கண்டதில்ல. மொத நாள் நானா வெச்சேன். அப்புறம் இந்த அண்ணி வைன்னுச்சு, வெச்சேன்."

"ஏன்மா வைக்கச் சொன்னே?" என்றார் அதிகாரி.

அவள் வாய் திறப்பதற்குள் தணிகைவேல் சிரித்தார். "அதைக் கேக்காதீங்க சார். பொம்பள சமாசாரம். நான் கொட்டகையில தனியா இருக்கறப்போ, சாயங்காலம் சாயங்காலம் கூடையத் தூக்கிக்கினு தானா வருவா. நான் வரச் சொன்னேனா?"

எல்லம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் ஓசியில் தின்ற வாய், கொடுத்த கையைக் கடிக்கிறது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் வலைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்பது அவன் கணக்கு. குப்பத்துப் பெண்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆமா சாமி, வந்தேன்" என்றாள் கெங்கம்மாள். "சமையக்காரன் அடுப்பாண்ட இருப்பான், அவனையும் கேளுங்க. கதை சொல்ல வந்தேன். எனக்கு ஒரு கதை இருக்குது. என் வூட்டுக்காரருக்கு அத்தக் கேக்க நேரமில்ல. இந்த ஜனங்களுக்கு அது கேலி. இந்த ஆளு குந்திக் கேட்டாரு, அப்புறம் அப்புறம்னு. அதுக்குத்தான் குடுத்தேன். கரைக்குக் குடுக்கல. என் பேச்சக் கேட்டதுக்குக் குடுத்தேன். இத்த உங்க பேப்பர்ல எந்த எடத்துல எழுதுவீங்களோ, எழுதிக்கோங்க."

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி, "என்ன கதை?" என்றார்.

அவள் பலகையைக் காட்டினாள். "இதுதான். இது நான் இருந்த ஊரு. நான் குடுத்த கார்டப் பாத்து எழுதினது. அந்தக் கார்டு இவராண்டதான் இருக்குது. எடுத்தாரச் சொல்லுங்க."

தணிகைவேல் எந்தக் கார்டு என்றார். சமையல்காரன், பாவம், விவரம் தெரியாதவன், ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து நீட்டினான். அதிகாரி கார்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூலையைப் பாருங்க சாமி. படகு இருக்குதா? வலை இருக்குதா? ஒரு பொம்பள குந்தியிருக்காளா? அவ பேரு தெரேஸு. அங்கயும் நம்மள மாதிரியே கரையில நின்னு இழுக்கிற வலைதான். நான் கொழந்தைங்களக் கடற்கரைக்கு இட்டுனு போவேன். அவ கையக் காட்டிக் கூப்பிடுவா. ஒரு நாள் எனக்குன்னு ரெண்டு மீனக் கொழந்தைங்க கையில குடுத்தா." அவள் பலகையில் இருந்த குடைகளைக் காட்டினாள். "மொத வருசம் நாலு குடைதான் இருந்துச்சு. ரெண்டாம் வருசம் குடைங்க ரொம்ப வந்துச்சு. வெடியறதுக்கு முந்தி வலைய இழுத்துட்டுப் போயிடணும்னு சொல்லிட்டாங்க. தொரசானிங்க கவுன்ல செதில் ஒட்டுதாம். மூணாம் வருசம் படகும் இல்ல, வலையும் இல்ல. தெரேஸு அந்த மஞ்சா வூட்டுக்குப் பின்னாண்ட குந்தி, குளிக்க வந்தவங்க படுத்த துப்பட்டிங்களத் தொவச்சிக்கினு இருந்தா. நான் கூப்பிட்டேன். அவ திரும்பல."

அதிகாரி கார்டின் மூலையை இன்னொரு தடவை பார்த்தார்.

"இவராண்ட குடையச் சொன்னேன் சாமி. தெரேஸச் சொல்லல. இந்தக் குப்பத்துலயும் யாராண்டயும் சொல்லல. நல்லா இருக்கிற கதைய ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். நான் மறச்சத்தத்தான் இவரு பலகையிலயும் மறச்சாரு." அவள் தணிகைவேலைப் பார்த்தாள். "நான் ஏமாந்தவ. நீங்க திருடன். தின்னுட்டுத் திருடறீங்க."

"சார், இவளைப் பேசவிட்டு…" என்று ஆரம்பித்தார் தணிகைவேல்.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். குமாஸ்தாவிடம் பத்திரத்தை வாங்கச் சொன்னார். குமாஸ்தா பிரெஞ்சில் படித்து, பயந்து பயந்து தமிழில் சொன்னான். தோப்புக்குக் கிழக்கு எல்லை "கடற்கரை மணல்" என்றுதான் இருந்தது. மணல் யாருடையது என்று ஒரு வரி கிடையாது.

"மணலைப் பத்தி டவுன்ல பழைய ரிக்கார்டு பாத்துத்தான் முடிவு சொல்ல முடியும்" என்றார் அதிகாரி. "அதுவரைக்கும் கரையில ஒரு கட்டை நிக்கக் கூடாது. வலை நிக்கக் கூடாதுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. எழுதிக்கோ." பிறகு, என்ன தோன்றியதோ, கார்டைக் கெங்கம்மாளிடம் கொடுத்தார். ஜீப் மணலில் உறுமிக் கிளம்பிப் போயிற்று.

மணல் தோப்புக்காரருடையது இல்லை என்று முடிவு வரப் பதினாலு மாதம் ஆயிற்று. அதற்குள் தணிகைவேல் எத்தனை வாசல் ஏறினார், யாருக்கு எத்தனை கரும்பு வெல்லம் அனுப்பினார் என்பதெல்லாம் வேறு சங்கதி. விடுதியைத் தோப்புக்குள் கட்டத்தான் கட்டினார். அந்த மாதிரி ஆளுக்கு நஷ்டம் என்று ஒன்று வருவதே இல்லை. அன்றைக்கு அவருக்குப் போனது பதினாறு சவுக்குக் கட்டை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பதினாறும் போன விதம் இருக்கிறதே.

கட்டைகளை ஆழமாக நட்டிருந்தார்கள். தோண்டி எடுக்க மண்வெட்டி தேடினார்கள். வைத்திலிங்கம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பெரியவலையின் கயிற்றை அவிழ்த்துவந்து முதல் கட்டையின் கழுத்தில் முடிச்சுப் போட்டான். ஆண்கள் வரிசையாகப் பிடித்தார்கள். வரிசையின் கடைசியில் கயிறு கொஞ்சம் மிச்சம் கிடந்தது. கெங்கம்மாள் போய் அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் தொட்ட கயிறு அது. எவனாவது ஏதாவது சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. நாகமுத்து தொண்டையைச் செருமி, "ம், இழு" என்றான்.

முதல் கட்டை அசைந்து, சாய்ந்து, முள்கம்பியையும் சேர்த்துக்கொண்டு பிடுங்கி வந்தது. தணிகைவேல் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது. மூன்றாவது. எட்டாவதில் அவள் உள்ளங்கை உரிந்தது, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். பதினாறாவது வரும்வரை அவள் கயிற்றை விடவில்லை. கடைசியில் எவனோ பலகையில் முடிச்சுப் போடப் போனான். "அது வேணாம், அது அவங்க தோப்பு எல்லைக்குள்ள இருக்குது. நமக்கு நம்ம மணலு போதும்" என்று வைத்திலிங்கம் தடுத்துவிட்டான்.

முடிச்சை அவிழ்த்த கையோடு அதே கயிற்றை வலையில் பூட்டிப் படகை இறக்கினார்கள். மடி கரையேறும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பெரிய மீன்பாடு என்று சொல்ல முடியாது. காரப்பொடி, கொஞ்சம் கவலை மீன், நடுவில் பத்துப் பதினைந்து வாளை. பதினோரு நாளைக்குப் பிறகு வந்த மீன், அதனால் யாரும் குறை சொல்லவில்லை. எல்லம்மாள் சோகை கீறிய கையால் ஒரு வாளையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள்.

நாகமுத்து குந்தி உட்கார்ந்து கூறு போட்டான். கை பழகிப்போயிருந்ததோ என்னவோ, எல்லாக் கூறும் போட்டு முடித்தபோது ஓரமாக ஒன்று கூடுதலாக நின்றது. போன வருஷம் தோப்புக்குப் போகும் கூறு வைக்கிற அதே இடம். நாகமுத்து அதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கெங்கம்மாளுக்கு முகம் தீயாக எரிந்தது. ஊர் முன்னால் அவள் சொன்ன அத்தனையும் அந்தக் கூற்றின்மேல் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"கலைச்சிடறேன்பா" என்று நாகமுத்து கையை நீட்டினான்.

"வேணாம்" என்றான் வைத்திலிங்கம். "அது கெங்காவோடது."

"பொம்பளைக்கு ஏதுபா கயித்துப் பங்கு?"

"கடைசி வரைக்கும் கயிறு புடிச்சவங்களுக்குப் பங்கு. பதினாறு கட்டை வர வரைக்கும் புடிச்சா. எல்லாருந்தான பாத்தோம்?" அவன் யாரையும் பார்க்காமல் வலையை உதறிக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. "வை."

நாகமுத்து கையை எடுத்துக்கொண்டான். குவியலில் தேடி, இருந்ததிலேயே பெரிய வாளையை எடுத்து அந்தக் கூற்றின்மேல் வைத்தான். யாரும் எடை பார்க்கவில்லை.

கெங்கம்மாள் கூடையைக் கொண்டுவந்து அள்ளினாள். உரிந்த உள்ளங்கையில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. கூடையைத் தலையில் ஏற்ற வைத்திலிங்கம் வந்து கை கொடுத்தான். ஏற்றிவிட்டு, போகாமல் நின்றான்.

"அந்தத் தெரேஸு" என்றான். "அப்புறம் இன்னா ஆனா?"